கல்லாவைப் பார்க்கிறோம், காலைப் பார்க்கிறோமா?



துவரம்பருப்பு விலை கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏறினால் அன்று மாலைக்குள் நமக்குத் தெரிந்துவிடுகிறது. தராசுக்கு முத்திரை போட வேண்டிய நாள் தெரிகிறது. உரிமம் புதுப்பிக்க வேண்டிய தேதி தெரிகிறது. எந்த வாடிக்கையாளர் எத்தனை மாதமாகப் பாக்கி வைத்திருக்கிறார் என்பது ஏட்டைப் பார்க்காமலே தெரிகிறது. ஆனால், இத்தனையையும் நாளெல்லாம் நின்றுகொண்டே கவனிக்கிற நம் கால்களின் நிலை மட்டும் நமக்குத் தெரிவதில்லை.

வரி, உரிமம், அந்நிய முதலீடு, ஆன்லைன் வர்த்தகம் ஆகியவற்றைப் பற்றியே இப்பக்கத்தில் எழுதுவது வழக்கம். இம்முறை குதிகால் வலியைப் பற்றி எழுதுகிறோம். "சங்க இதழில் இதற்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். படித்து முடித்த பிறகு அவ்வாறு கேட்கமாட்டார்கள் என நம்புகிறோம்.

நம் தொழிலும் நம் கால்களும்

அந்தக் காலத்துப் பலசரக்குக் கடைகளை நினைத்துப் பார்ப்போம். முதலாளி உயரமான பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் கைக்கெட்டும் தூரத்தில் சாக்குகளும் டப்பாக்களும் இருக்கும். மொத்த வியாபார மண்டியிலோ மெத்தையும் திண்டும் உண்டு. கணக்குப்பிள்ளை சாய்வு மேசையின் முன் தரையில் அமர்ந்திருப்பார். இன்று கடையின் அமைப்பே மாறிவிட்டது. கூரை வரை அலமாரி, ஒரு பக்கம் பால் குளிர்பெட்டி, மறுபக்கம் பில் போடும் மெஷின். காலை 6 மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் இரவு 10 மணி வரை நிற்பதும் நடப்பதும் ஏறுவதும் இறங்குவதும்தான்.

தரையும் மாறிவிட்டது. மண் தரையும் பலகையும் போய் சிமெண்டு, மொசைக், கிரானைட், டைல்ஸ் என்று வந்துவிட்டன. பார்வைக்கு அழகு, காலுக்குக் கல். அதன்மேல் நம்மில் பலர் வெறுங்காலுடன் நிற்கிறோம். கல்லா இருக்கிற இடம் லட்சுமி இருக்கிற இடம், அங்கே செருப்புப் போடக் கூடாது என்பது நம் முன்னோர் வகுத்த மரியாதை. அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் அந்த மரியாதை ஏற்பட்ட காலத்தில் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். இன்று நிற்கிறார் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

வலி எங்கிருந்து வருகிறது?

நம் பாதத்தின் அடியில், குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடிப்பகுதி வரை ஒரு கெட்டியான நார்ப்பட்டை ஓடுகிறது. பாதத்தின் நடுவில் உள்ள வளைவைத் தாங்கி நிறுத்துவது அதுதான். வில்லுக்கு நாண் போல என்று சொல்லலாம். மணிக்கணக்கில் நிற்கும்போதும், உடல் எடை கூடும்போதும், மூட்டை தூக்கும்போதும், தேய்ந்த செருப்புடன் நடக்கும்போதும் அந்த நாண் அளவுக்கு மீறி இழுபடுகிறது. நாளடைவில் அது குதிகால் எலும்போடு சேரும் இடத்தில் புண்பட்டுப் போகிறது. குதிகால் வலிகளில் மிகவும் சாதாரணமாகக் காணப்படுவது இதுவே. நாற்பது முதல் அறுபது வயது வரை உள்ளவர்களிடம் அதிகம்.

இதன் அடையாளத்தை நம்மில் பலரும் அனுபவித்திருப்போம். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி குத்தியது போல் சுரீர் என்கிறது. பத்து அடி நடந்தால் குறைகிறது. மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் அதே வலி. இரவு கடை அடைக்கும் நேரத்தில் வேறுவிதமான கனத்த வலி. இப்படி இருந்தால் பெரும்பாலும் இந்த நார்ப்பட்டை வலிதான்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்கிறது" என்று சொன்னதும் பயந்துபோகிறவர்கள் உண்டு. அந்த எலும்பு முளை, வலியே இல்லாத பலருடைய காலிலும் இருக்கிறது. ஆகவே எலும்பை வெட்டினால்தான் வலி தீரும் என்று யாரும் முடிவு கட்ட வேண்டியதில்லை. இவ்வகை வலி பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சையின்றியே தீர்ந்துவிடுகிறது. ஆனால் அதற்குப் பொறுமையும் தினசரிப் பயிற்சியும் வேண்டும்.

கடையிலேயே செய்யக்கூடியவை

ஒன்று: படுக்கையை விட்டு இறங்கும் முன், வலிக்கிற காலை மற்றத் தொடையின்மேல் போட்டு, கால் விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி வளைக்க வேண்டும். பத்து எண்ணும்வரை பிடித்து விட்டு, இவ்வாறு பத்து முறை. பிறகே முதல் அடி.

இரண்டு: சுவரில் இரு கைகளையும் ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முன்னே சாய வேண்டும். கெண்டைக்கால் இழுபடுவது தெரியும். அரை நிமிடம் நின்று, மூன்று முறை. காலையில் வியாபாரம் சூடுபிடிக்கும் முன்பும், மதியம் கூட்டம் குறைந்த நேரத்திலும் இதைச் செய்யலாம்.

மூன்று: சிறிய தண்ணீர் பாட்டிலைக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்து, துணி சுற்றித் தரையில் போட்டு, அதன்மேல் உள்ளங்காலைப் பத்து நிமிடம் உருட்டலாம். கால் உணர்ச்சி சரியாக உள்ளவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

நான்கு: கடைக்குள் மட்டும் அணிவதற்கென்று, தெருவில் படாத ஒரு ஜோடி மெத்தென்ற செருப்பு வைத்துக்கொள்ளலாம். அதற்கும் மனம் வராதவர்கள், நிற்கிற இடத்தில் கெட்டியான ரப்பர் விரிப்பாவது போடலாம். அதுவும் இல்லையென்றால் நாலைந்து காலிச் சாக்குகளைச் சீராக மடித்துப் போடலாம். தடுக்காமல் இருக்க ஓரங்களைத் தைத்துவிட வேண்டும். தேய்ந்து காகிதமாகிவிட்ட ஹவாய் செருப்பை இன்றே தூக்கிப் போட வேண்டும். தேய்ந்த எடைக்கல்லை வைத்து வியாபாரம் செய்வோமா?

ஐந்து: எடை அதிகம் உள்ளவர்கள் எடையைக் குறைக்க வேண்டும். இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம் என்பது நமக்கும் தெரியும். முறுக்கும் மிக்சரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற தொழில் நம்முடையது.

நாம் செய்த தவறு

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது ஒரு சம்பவம். சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறோம்.

நம் சங்க உறுப்பினர் ஒருவர். மளிகை மொத்த வியாபாரம். ஐம்பது வயதைத் தாண்டியவர். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. ஒரு மாதாந்திரக் கூட்டத்தில், குதிகால் எரிகிறது, குத்துகிறது, தூங்க முடியவில்லை என்றார். சுற்றி உட்கார்ந்திருந்த நாம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னோம். செங்கல்லைச் சூடாக்கி, எருக்கிலையை வைத்து, அதன்மேல் குதிகாலை வைத்து ஒத்தடம் கொடுங்கள் என்று சொன்னவர்களில், சங்கப் பொறுப்பில் இருக்கும் நாமும் உண்டு. நம் வீட்டுப் பெரியவர்கள் செய்ததுதானே என்ற எண்ணம்.

அவர் அன்றிரவே செய்தார். மறுநாள் காலை, அவர் நடந்துபோன தரையில் ஈரத் தடம் இருப்பதைப் பார்த்து அவர் மனைவிதான் காலைத் தூக்கிக் காட்டச் சொன்னார். குதிகாலில் பெரிய கொப்புளம் உடைந்திருந்தது. அவருக்கு வலியே தெரியவில்லை. மருந்துக் கடையில் ஒரு களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு வழக்கம்போலக் கடைக்குப் போனார். தீபாவளிச் சரக்கு இறங்கும் நேரம். எட்டாம் நாள் குளிர்காய்ச்சல் வந்தது. மருத்துவமனையில் அழுகிய சதையை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். ஏழு வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார்கள். கால் தப்பியது; அந்த ஆண்டின் தீபாவளி வியாபாரம் தப்பவில்லை. கடையைப் பார்த்துக்கொள்வதற்காக அவருடைய மகன் கல்லூரியில் ஒரு பருவத் தேர்வை எழுதாமல் விட்டார்.

பார்க்கப் போன நம்மிடம் அவர் சொன்னது இதுதான்: "சூடே தெரியலை அண்ணாச்சி. சூடு பத்தலை போலிருக்குன்னு இன்னும் கொஞ்ச நேரம் அழுத்தி வச்சேன்."

நமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மருத்துவர் பிறகு விளக்கினார். அவருக்கு வந்தது நார்ப்பட்டை வலியே அல்ல. நெடுநாள் சர்க்கரையால் கால் நரம்புகள் கெட்டு ஏற்படும் எரிச்சல். அந்த நரம்புகள் எரிச்சலைத் தரும். ஆனால் உண்மையான சூட்டையும் புண்ணையும் தெரிவிக்கத் தவறிவிடும். நல்ல உணர்ச்சி உள்ளவர் இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடுத்தால் கெடுதல் இல்லை, ஆறுதலும் கிடைக்கும். உணர்ச்சி குறைந்த காலுக்கு அதே செங்கல் நெருப்பாகிவிடும். பனிக்கட்டியும் அப்படித்தான்.

ஆகவே சர்க்கரை நோய் உள்ள ஒவ்வொரு வணிகரும் வீட்டில் ஒரு சிறு சோதனை செய்துகொள்ளலாம். கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனிகளை வீட்டில் ஒருவர் ஆள்காட்டி விரலால் மெல்லத் தொடட்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டதும் சொல்லுங்கள். இந்த ஆறு இடங்களில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள். தாமதியாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அத்தகையவர்கள் வெறுங்காலுடன் நிற்கவே கூடாது. அவர்களுக்கென்று எம்.சி.ஆர். செருப்புகள் இருக்கின்றன. தினமும் இரவில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

சர்க்கரை உள்ளவர்கள் குதிகால் வலி என்றாலே முதலில் மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பிறகு மற்றதைப் பார்க்க வேண்டும். காலில் புண், கொப்புளம், நிறமாற்றம் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். மறுநாள் என்று தள்ளக் கூடாது.

மற்றவர்கள் மேலே சொன்னவற்றை இரண்டு வாரம் செய்தும் கொஞ்சமும் குறையவில்லை என்றால் போக வேண்டும். கீழ்க்கண்டவை இருந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவும் கூடாது.

லாரியிலிருந்தோ ஏணியிலிருந்தோ குதித்த பின், அல்லது விழுந்த பின் குதிகாலை ஊன்ற முடியாமை. குதிகால் எலும்பு உடைந்திருக்கக்கூடும். நம் மண்டிகளில் சுமைதூக்கும் தோழர்கள் லாரித் தட்டிலிருந்து அப்படியே குதிப்பதைத் தினமும் பார்க்கிறோம்.

குதிகாலின் பின்பக்கம் திடீரென்று யாரோ உதைத்தது போன்ற வலியும், அதன்பின் நுனிக்காலில் நிற்க முடியாமையும். தசைநாண் அறுந்ததன் அடையாளம் இது.

வீக்கம், சிவப்பு, சூடு, காய்ச்சல்.

மரத்துப்போதல், எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு.

படுத்திருக்கும்போதும் இரவிலும் ஓயாத வலி.

கடைப் பையன்கள் போன்ற இளவயதினருக்கு இரு குதிகால்களிலும் வலி, கூடவே காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பும் முதுகும் இறுகிப்போயிருத்தல். இது காலில் மட்டும் உள்ள கோளாறு அல்ல. மூட்டுவாத வகையாக இருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பக்கத்து மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் போடுகிற பழக்கம் நம்மிடையே மிகுந்திருக்கிறது. அது வயிற்றில் புண் உண்டாக்கும். இரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குதிகாலில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள் வலியைக் குறைக்கலாம். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் நார்ப்பட்டை அறுந்துவிடவும், குதிகாலின் கொழுப்பு மெத்தை தேய்ந்துபோகவும் இடம் உண்டு. ஒரு முறை போட்டு நன்றாக இருந்ததே என்று நாமாக மறுபடி கேட்டு வாங்கக் கூடாது.

உட்காரும் உரிமை

இதுவரை சொன்னது நம் காலைப் பற்றி. நம் கடையில் வேலை செய்கிறவர்களின் கால்?

2018-ல் கேரளத்தில், கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தது. துணிக்கடைகளில் நாளெல்லாம் நின்ற பெண்கள் போராடிப் பெற்றது அது. தமிழ்நாட்டிலும் 2021 செப்டம்பரில், 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே கிடைக்கும் சந்தர்ப்பத்தில் அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்பது அதன் சாரம்.

அச்சட்டம் வந்தபோது நம்மில் பலர் முணுமுணுத்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடையில் ஸ்டூல் போட இடம் ஏது என்றோம். ஊழியர் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் அலட்சியம் என்று நினைப்பார் என்றோம். முதலாளியே நிற்கும்போது சிப்பந்தி உட்காரலாமா என்றும் கேட்டோம்.

இடப் பிரச்சினை உண்மைதான். ஆனால் மடக்கு ஸ்டூலுக்கு எண்ணெய் டின் அளவு இடம் போதும். விளம்பரப் பலகைக்கும் இலவச ஸ்டாண்டுக்கும் இடம் கொடுக்கிற நாம் இதற்குக் கொடுக்க முடியாதா? வாடிக்கையாளர் வரும்போது எழுந்து நின்று "வாங்கம்மா" என்று சொன்னால் மரியாதை குறையாது. வங்கியில் காசாளர் உட்கார்ந்துகொண்டுதான் பணம் வாங்குகிறார். நாம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மூன்றாவது கேள்விக்குப் பதில், முதலாளியும் உட்கார வேண்டும் என்பதுதான். நான் நிற்கிறேன், நீயும் நில் என்பதில் இரண்டு ஜோடிக் கால்கள் கெடுகின்றனவே தவிர, வியாபாரம் பெருகுவதில்லை. பதினெட்டு வயதில் நம்மிடம் வேலைக்குச் சேருகிற தம்பி, நாற்பது வயதில் நொண்டிக்கொண்டு தனிக் கடை வைக்க நேர்ந்தால் அதில் நமக்கும் பங்குண்டு. நம்மில் பலரும் அப்படி ஒரு கடையில் நின்று பழகி வந்தவர்கள்தாம்.

சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள்

மாதாந்திரக் கூட்டங்களில் வரி ஆலோசகரை அழைத்துப் பேசச் சொல்கிறோம். ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒரு மருத்துவரையும் ஒரு இயன்முறை மருத்துவரையும் அழைத்து, உறுப்பினர்கள், ஊழியர்கள், சுமைதூக்குவோர் எல்லோருடைய கால்களையும் பார்க்க ஏற்பாடு செய்யலாம். ஈ.எஸ்.ஐ. உள்ள கடைகளின் ஊழியர்களுக்கு அந்த வசதியைச் சொல்லிக் கொடுக்கலாம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனையோடு இயன்முறை சிகிச்சையும் அடங்கும். வயதான உறுப்பினர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மே 5 வணிகர் தினத்தன்று கடையடைத்துக் கூடுகிற நாம், அன்றைக்கே இதற்கும் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் நல்லது.

நம் உறுப்பினர் இப்போது கடைக்கு வந்துவிட்டார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டிருக்கிறார். ஊழியர்களுக்கும் இரண்டு வாங்கிப் போட்டிருக்கிறார். கடைக்குள் செருப்புடன் இருக்கிறார். லட்சுமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. யாராவது கால் வலி என்று சொன்னால், நாம் இனி வைத்தியம் சொல்வதில்லை, "சர்க்கரை பார்த்தீர்களா, தொட்டால் தெரிகிறதா?" என்று கேட்கிறோம். நீங்களும் அவ்வாறே கேளுங்கள்.

இன்று இரவு கடையைப் பூட்டியதும், கல்லாவை எண்ணுகிற அதே அக்கறையோடு ஒரு நிமிடம் உள்ளங்காலையும் பார்த்துவிட்டுப் படுப்போமாக.